ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்த நினைக்கும் தம்பிக்கு

சுவிற்சர்லாந்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு சின்னக் கிராமத்தில், தரம் ஒன்றிலிருந்து சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடன் படித்த முப்பத்தைந்து பேர் இப்போது வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் மட்டக்களப்பு நகரிலும் கொழும்பிலும் ஊரிலும். கொஞ்சம் காசும் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் பழைய மண்டபம் ஒழுகுகிறது, பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு இல்லை, பிள்ளைகளின் தொகை வருடா வருடம் குறைகிறது. குழுவில் சிலர் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்கிறார்கள், சிலர் மாடிக் கட்டடம் என்கிறார்கள், ஒருவர் கணினி அறை என்கிறார். "சேர், எங்கே தொடங்குவது?" என்பது கேள்வி.

நானும் படுவான்கரையில் பிறந்தவன். முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தேன். பாதிச் சேவை மட்டக்களப்பில், பாதி அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்தில். பழைய மாணவர்கள் கையிலெடுத்த வேலைகள் அழகாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், பாதியில் நின்று புல் முளைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காசு சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். சேர்ந்ததைத் தொடாமல் வையுங்கள். முதலில் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பாருங்கள், பிறகு அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள், பிறகு எழுத்தில் அனுமதி எடுங்கள், கடைசியில் காசு. நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழானதால் வந்தவை. கையில் காசு சேர்ந்துவிட்டால் அதற்கு ஒரு வேலை தேட வேண்டி வருகிறது. தேடும்போது தூரத்திலிருந்து தெரிகிற வேலைதான் அகப்படும். வளைவு தெரியும், மாடி தெரியும். சுவர்த்தலைப்பில் உளுத்துப்போன, ஓட்டைத் தாங்கும் கைமரம் சுவிஸிலிருந்து தெரியாது.

நான் அதிபராக இருந்த ஒரு பாடசாலைக்கு, வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்கள் பத்துக் கணினிகள் அனுப்பினார்கள். ஊர்வலமாகக் கொண்டுவந்து, மாலை போட்டு, பூசை செய்து ஏற்றுக்கொண்டோம். அவற்றை வைத்த அறையின் மின்சார இணைப்போ இரண்டு மின்குமிழுக்கும் ஒரு மின்விசிறிக்குமாகப் போட்டது. கணினி கற்பிக்க ஆசிரியர் இல்லை. கூரை ஒழுகியதால் மாரியில் பெட்டிகளைப் பொலித்தீனால் மூடி வைத்தோம். மூன்றாம் வருடம் திறந்தபோது எலி வயர்களைக் கடித்திருந்தது. அனுப்பியவர்களின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. குறை என்னுடையது. "இப்போது கணினி வேண்டாம், கூரைதான் வேண்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தருகிறவர் மனம் நோகக் கூடாது, மறுத்தால் இனி ஒன்றும் வராது என்ற பயம் கிராமப் பாடசாலை அதிபர் எல்லோருக்கும் உண்டு.

அதனால் தம்பி, அதிபரிடம் "என்ன வேண்டும் சேர்?" என்று கேட்காதீர்கள். நீங்கள் தர நினைப்பதை அவர் எப்படியோ அறிந்துகொண்டு அதையே சொல்வார். "போன மாரியில் எந்த வகுப்பை எத்தனை நாள் வேறு இடத்துக்கு மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். "இந்த வருடம் இடமாற்றம் கேட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள்?" என்று கேளுங்கள். மதிய உணவு சமைக்கும் தாய்மாரிடம் தண்ணீர் எங்கிருந்து அள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். தரம் ஒன்பது, பத்துப் பெண் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதை உங்கள் வகுப்புப் பெண்கள் யாராவது போய்த் தனியாகக் கேட்கட்டும். அரை நாளில் பள்ளிக்கூடத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அந்த உண்மை கூரையில்தான் போய் முடியும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் என்றால் நூறு அடி நீளம், இருபது அடி அகலத்தில் ஒரு மண்டபம். அரைச்சுவர், அதன் மேல் கம்பிவலை, நடுநடுவே தட்டி மறைத்து நான்கைந்து வகுப்புகள். பார்த்தவுடன் "பழசு, இடித்துவிட்டு மாடி கட்டலாம்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அரைச்சுவரும் ஓடும் எங்கள் வெயிலுக்குப் பழகியவை. சித்திரை வெக்கையில் கொங்கிறீட் தட்டின் கீழ் இருக்கும் பிள்ளைக்கும் ஓட்டின் கீழ் இருக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு இடத்திலும் நின்று படிப்பித்து அறிந்தவன். சுவரும் அத்திவாரமும் நன்றாக இருந்தால் அந்த மண்டபம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

இப்படியான கட்டடம் மேலிருந்துதான் சாகத் தொடங்கும். குரங்கு பாய்ந்தோ காற்றில் கொப்பு விழுந்தோ ஒரு ஓடு நழுவும். அந்த இடைவெளியால் இறங்கும் தண்ணீர் கைமரத்தின் வழியே ஓடி, மரம் சுவரில் உட்காரும் இடத்தில் தங்கும். ஊறிய மரத்தைக் கறையான் தேடி வரும். இரண்டு மாரி போனால் மரத்தின் நுனி மாவாகிவிடும். கூரை ஒரு பக்கம் சாயும். சாய்ந்த இடத்தில் இன்னும் நாலு ஓடு நழுவும். தொடக்கத்தில் ஒரு ஓட்டின் விலையில் தீர்ந்திருக்க வேண்டியது கடைசியில் முழுக் கூரையின் விலைக்கு வந்து நிற்கும்.

பார்க்கும் முறை எளிது. நல்ல வெயில் நேரத்தில் மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒளிப்பொட்டு தெரிகிற இடமெல்லாம் மழை இறங்குகிற இடம். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்த்தலைப்புக்குப் பக்கத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி உள்ளே இறங்கினால் அந்த மரம் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் எவ்வளவு பலமாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான் நிலத்திலிருந்து வருகிறது. மரத்தை மட்டும் மாற்றினால் போதாது, அடியிலும் மருந்து போட வேண்டும். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி இருக்கிறதா, இருந்தால் அதில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பல இடங்களில் பீலித் தண்ணீர் சுவரின் அடியிலேயே விழுந்து அத்திவாரத்து மண்ணை அரிக்கிறது. இதையெல்லாம் எண்ணி, எத்தனை கைமரம், ஓடு பதிக்கும் சலாகை எத்தனை அடி, எத்தனை ஓடு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும்போது இந்தக் கொப்பி கையில் இருந்தால் மதிப்பீடு பாதி முடிந்த மாதிரி.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் வேறு கவனம் வேண்டும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. தகடு முழுதாக, மேலே இருக்கும் வரை ஆபத்துக் குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. ஆகவே சிரமதானத்தில் பிள்ளைகளை விட்டுத் தகடு கழற்றாதீர்கள். விடுமுறையில், தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பள்ளிக்கூட வளவுக்குள் பள்ளம் நிரப்பப் போடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் அதன் மேல் ஓடி விளையாடுவார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் அதைச் செய்யக் கூடாது.

காலமும் முக்கியம். எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றில் வருகிறது: கார்த்திகை, மார்கழி, தை. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கூரையைத் திறக்கும் வேலை மாசி பிறந்த பிறகு தொடங்கிப் புரட்டாதிக்குள் முடிய வேண்டும். ஓகஸ்ட் விடுமுறை நல்ல தருணம். ஆனால் சிறுபோகம் செய்கிற வயற்கண்டங்களில் அறுவடையும் அந்த நாட்களில்தான் வரும்; ஆள் பிடிப்பது கஷ்டம். மேசனையும் தச்சரையும் சித்திரையிலேயே பேசி வையுங்கள்.

கூரை என்றதும் எனக்கு 1978 நினைவு வருகிறது. நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. விடிந்து பார்த்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. ஊரில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் விழுந்து கிடந்தன. கிடுகு பின்ன ஓலை வீடுகளுக்கே போதவில்லை. அப்பாவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வண்டில் கட்டிக்கொண்டு போய் இலுக்குப் புல் வெட்டி வந்தார்கள். விழுந்த மரங்களிலிருந்து கூரைக்கு வளையும் கைமரமும் எடுத்தார்கள். அவர்களில் சிலருடைய வீடுகள் அப்போதும் திறந்தபடிதான் கிடந்தன. தை மாதம் நாங்கள் இலுக்குக் கூரையின் கீழ் உட்கார்ந்து படித்தோம். புதுப் புல்லின் வாசம் புத்தகத்திலெல்லாம் ஏறியிருந்தது. அந்தக் கூரைக்கு யார் யார் புல் சுமந்தார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. என் அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும், மற்றவர்களில் பாதிப் பேரை மறந்துவிட்டேன். அதை நினைக்கும்போது இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

அந்த மனிதர்கள் பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்கள் பல, மெதடிஸ்த மிஷனோ இராமகிருஷ்ண மிஷனோ தொடங்கியவை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1929இல் கல்லடி உப்போடையில் திறந்த சிவானந்த வித்தியாலயத்தோடு நின்றுவிடாமல் கிழக்கின் கிராமப் பள்ளிக்கூடங்களையும் கவனித்தார். காணியைப் பெரும்பாலும் ஊர்ப் போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவர் கொடுத்திருப்பார். மண் சுவரை ஊர் எழுப்பியிருக்கும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி இல்லாவிட்டால் நான் வரம்பிலேயே நின்றிருப்பேன். அதை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் பொறுப்பேற்றதற்குப் பிறகு "அது கவர்மெந்து பார்க்க வேண்டிய வேலை" என்ற பேச்சும் ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு ஓடு நழுவினால் ஏறி ஏற்றி வைக்க ஊரில் இருபது பேர் இருந்த இடத்தில், கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் வந்தது. இடையில் போரால் 1990இன் இடப்பெயர்வு, 2007இல் படுவான்கரை முழுவதும் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கத்து எழுவான்கரை முகாம்களுக்குப் போன இடப்பெயர்வு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர்கள் முதலில் வீட்டைத்தானே பார்க்க வேண்டும்.

வளைவைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒழுகும் மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் வளைவைப் பார்த்துக்கொண்டு நான் பல வருடம் வேலைக்குப் போனேன். மழை நாளில் பிள்ளைகள் அதன் கீழ்தான் ஒதுங்குவார்கள். மாடிக் கட்டடம் பற்றி முடிவெடுக்க முன், தரம் ஒன்றில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பத்துப் பிள்ளைகள் சேரும் பள்ளிக்கூடத்துக்கு மாடி தேவைப்படாது. 2022இல் நடந்ததையும் நினைவில் வைத்திருங்கள். ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை போனது. சீமெந்து விலை சில மாதங்களில் இரண்டு மடங்கானது. பெரிதாகத் தொடங்கிய கட்டடங்கள் தூணோடு நின்றன. கூரையைப் பகுதி பகுதியாகத் திருத்துகிறவர்களுக்கு அந்த அடி அவ்வளவு வலிக்கவில்லை. இருபத்தைந்து அடி முடிந்தால் ஒரு வகுப்பு நனையாமல் இருக்கும்.

கூரைக்கு அடுத்தது மலசலகூடமும் தண்ணீரும். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள், பெயர் வைக்க முடியாத வேலை என்று. பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் இருப்பதற்கும், பெரிய பிள்ளையாகிய பிறகு பள்ளிக்கூடத்தை விட்டே நிற்பதற்கும் கதவில்லாத மலசலகூடம் ஒரு காரணம் என்பதை வரவு இடாப்பைப் பார்த்தே கண்டுபிடித்தேன். கதவு, உள்ளே போடும் தாழ்ப்பாள், உள்ளேயே ஒரு குழாய், மூடியுள்ள ஒரு வாளி. இவ்வளவுதான். படுவான்கரையில் மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி நிரம்பி வழியும். ஆகவே மேடை உயர்த்திக் கட்ட வேண்டும். கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாத தூரம், அதுவும் கிணற்றுக்குப் பள்ளமான பக்கம். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைச் சோதிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு வளைவின் ஒரு தூணுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

எல்லைக் கிராமம் என்றால் யானையையும் கணக்கில் எடுங்கள். மதிய உணவு அரிசியை இரவில் சமையலறையில் வைத்தால் அது சுவரை இடித்து எடுக்கும். அரிசியை வேறு இடத்தில் பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு செய்யாமல் சமையலறையை அழகாகக் கட்டிப் பயனில்லை.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று ஆசிரியர் விடுதி. உங்கள் காலத்தில் பல ஆசிரியர்கள் ஊரிலேயே தங்கினார்கள், மாலையில் கோயில் வீதியில் பாடம் சொல்லித் தந்தார்கள். இப்போது நகரத்திலிருந்து வந்து போகிறார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை பாதை எனும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்தவர்களுக்குப் பாலம் பெரிய ஆறுதல். ஆனாலும் உட்கிராமங்களுக்குப் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பெண் ஆசிரியர் ஒருவர் கொக்கட்டிச்சோலையில் இறங்கி இன்னும் பல கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும் என்றால், வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாழடைந்து கிடக்கும் விடுதியின் இரண்டு அறையைத் திருத்தி, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, பூட்டக் கூடிய கதவு போட்டுக் கொடுத்தால் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வருகிற ஆசிரியர் தங்கிவிடுவார். கூரைக்குச் செலவழித்த காசு பிள்ளையை நனையாமல் வைக்கும். விடுதிக்குச் செலவழித்த காசு அந்தப் பிள்ளையைச் சாதாரண தரத்தில் சித்தியடைய வைக்கும். பிள்ளைகளின் தொகை குறைவதற்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையைப் பெற்றோர் நகரத்துக்குக் கொண்டுபோவது கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதால்தான். ஊரிலேயே பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், வலயத்தின் அனுமதியோடு அவர்களை மாதப்படி கொடுத்து மாலை வகுப்புக்கு வைக்கலாம். எங்கள் மாகாணத்தில் தொண்டர் ஆசிரியர்களின் தோளில் நின்ற பள்ளிக்கூடங்கள் எத்தனையோ.

இனி அனுமதி. உங்கள் பள்ளிக்கூடம் மாகாண சபையின் கீழ் இருக்கிறது. படுவான்கரைக் கிராமங்களில் சில மட்டக்களப்பு மேற்கு வலயத்திலும், போரதீவுப் பக்கத்தவை பட்டிருப்பு வலயத்திலும் வரும். அதிபர் எழுதும் கடிதம் கோட்டக் கல்வி அலுவலகம் வழியாக வலயத்துக்குப் போய், தேவையானால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் போகும். திருத்த வேலைக்குச் சுருக்கமாக முடியும். இடிப்பதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் நாட்கள் எடுக்கும். உடைந்த கதிரை மேசையைக்கூட நினைத்தபடி தூக்கி எறிய முடியாது. பொருட்கணக்கெடுப்பில் கழித்த பிறகுதான் அகற்றலாம். இதை அறியாமல் நல்ல மனத்தோடு பழைய தளபாடத்தை அகற்றியதற்காக ஓர் அதிபர் விசாரணைக்கு முகம் கொடுத்ததை நான் அறிவேன். உங்கள் உதவியால் அதிபருக்குத் தொல்லை வரக் கூடாது. அதே நேரம் காணியின் எல்லையையும் பாருங்கள். போடியார் வாயால் கொடுத்த காணிக்கு உறுதி இல்லாமல் இருப்பது இங்கே சாதாரணம். நில அளவைப் படம் இல்லாத வளவில் மதில் கட்டப் போனால் அயலவரோடு வழக்கு வரும்.

காசு தனிப்பட்ட ஒருவரின் கணக்குக்கு வரவே கூடாது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். அவருடைய நேர்மையைக் காப்பாற்றுவதற்காகவே சொல்கிறேன். பழைய மாணவர் சங்கத்தைப் பதிவுசெய்து, சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்குத் திறவுங்கள். அரசாங்கப் பாடசாலைகளில் பெரும்பாலும் அதிபரே சங்கத்தின் தலைவராக இருப்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு ஒத்துப்போக அது உதவும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம்) அனுப்பாமல் வங்கி வழியாக அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். கணக்கை வட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் ஊரில் இருப்பவர்களுக்கு அது வெளிநாட்டாரின் வேலையாகவே தெரியும்.

கோயிலில் எப்படி? கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கணக்கு வாசிக்கும்போது குடிமக்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள், ஒரு மூடை நெல் குறைந்தாலும் எழுந்து கேட்பார்கள். எங்கள் ஊர்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியும், கொடுக்கவும் தெரியும். அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருக்கோவில் பக்கத்தில் நான் வேலை செய்த ஒரு ஊரில், பெரும்போக வெட்டு முடிந்ததும் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல் என்று களத்திலேயே அளந்து பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். அதை விற்ற காசு பெரிய தொகை இல்லை. ஆனால் வருடா வருடம் ஓடு மாற்றவும் பீலி துப்புரவாக்கவும் அது போதும். அதைவிட, நெல் கொடுத்த மனிதர் பள்ளிக்கூடப் பக்கம் போகும்போது அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். வெளிநாட்டுக் காசு முதலில் ஒருமுறை முழுத் திருத்தத்துக்கு. ஊர் நெல் அதன் பிறகு பராமரிப்புக்கு. இந்தப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பராமரிப்புக்கு ஆள் இல்லாத கூரைக்கு நான் ஒரு ரூபாயும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு சின்ன வேலை, காசு தேவையில்லாதது. பள்ளிக்கூடத்தில் நடந்தவற்றை எழுதி வைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம் அதிபரின் அலுமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இடப்பெயர்வில் பல பள்ளிக்கூடங்கள் அதை இழந்துவிட்டன. சிலவற்றில் தலைமையாசிரியர் சாக்கில் கட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றியிருக்கிறார். இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். நூலகம் நிறுவனம் போன்றவர்கள் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாக்கிறார்கள். அதிபரின் சம்மதத்தோடு அவர்களிடமும் கொடுக்கலாம். காணி கொடுத்தவர் யார், எந்த மாரியில் எந்தச் சுவர் விழுந்தது, எந்த வருடம் எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தின் 1978, 1979 பக்கங்கள் கறையானுக்குப் போய்விட்டன. இலுக்கு வெட்டியவர்களின் பெயர்களைத் தேடி நான் அதைத்தான் திறந்தேன்.

எப்போது தொடங்குவது என்றால், வைகாசியில். கண்ணகி அம்மன் சடங்குக்கு எங்கிருந்தாலும் ஊர்ப் பிள்ளைகள் வந்து சேருவார்கள்; சடங்கின் முடிவில் வரும் குளிர்த்திக்கு அடுத்த நாள் காலை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டத்தை வையுங்கள். உங்கள் வகுப்பை மட்டும் அழைக்காமல் உங்களுக்கு முந்தியவர்களையும் பிந்தியவர்களையும் அழையுங்கள், இப்போது படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரையும் அழையுங்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் சேர்ந்து அண்ணாந்து ஒளிப்பொட்டுகளை எண்ணலாம். நூறு அடி நாடா ஒன்றும் ஒரு நல்ல கத்தியும் கொண்டுவாருங்கள், ஏணி ஊரில் கிடைக்கும். நாளைச் சொன்னால் நானும் காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். கைமரத்தை எங்கே குத்திப் பார்க்க வேண்டும் என்று நேரில் காட்டுகிறேன்.